நடுவில் இறங்க முடியாத டிக்கெட்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் போன காப்பிப் பறிப்புச் சமயத்தில், விசாகப்பட்டினத்திலிருந்து கொச்சி வரைக்கும் ஒரு விமானப் பயணத்தைத் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஏற்காடு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். பறித்துக் கொண்டுவரும் பழத்தை எடை போட்டு எழுதுவதும், யார் வேலைக்கு வந்தார்கள் என்று பார்ப்பதும் என் வேலை. அப்பாவும் அம்மாவும் அதே எஸ்டேட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் பேங்க், ரேஷன் கார்டு, போனில் வரும் நம்பர், எதுவாக இருந்தாலும் 'படிச்ச பையன் பாத்துக்குவான்' என்று என்னிடம் வந்துவிடும். தெரியாது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னால், செய்ய மனசில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பயணம் என் அக்காவுக்கு. என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, அம்மா பழம் பறிக்கப் போன நேரமெல்லாம் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். கல்யாணமாகி விசாகப்பட்டினம் போனாள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கப்பல் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வெல்டர். அந்தக் கம்பெனி அவரையும் இன்னும் சிலரையும் கொச்சிக்கு மாற்றிவிட்டது. குடும்பத்தோடு போகிறவர்கள் விமான டிக்கெட் எடுத்துக்கொண்டால் பணத்தைத் தந்துவிடுவதாகவும் சொல்லியிருந்தது. அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். ஆறு வருஷம் கோயில் கோயிலாகப் போய்த் தங்கிய பிள்ளை.

மாமா போனில் விஷயத்தைச் சுருக்கமாகத்தான் சொன்னார். "மாப்ள, ரெண்டு டிக்கெட்டு. நேரா போறதாப் பாத்துப் போடு. அவளால ஏறி எறங்க முடியாது. கொச்சியில கம்பெனி பாத்துக்கற ஆஸ்பத்திரி, எங்களுக்குக் குடுக்கற குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துலயே இருக்குது. எல்லாம் பேசி வச்சுட்டேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் ஆரம்பித்தாள்.

"தலைப்பிரசவம். பொறந்த ஊட்டுலதான் நடக்கோணும். இவரு பாட்டுக்கு ஆஸ்பத்திரி பேசி வச்சாராமா? வெல்டிங் அடிக்கற மனுசனுக்கு என்ன தெரியும்?"

"வெல்டிங் அடிக்கறவனுக்குப் புள்ள பொறக்கக் கூடாதுன்னு சட்டமா புள்ள?" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. கண்ணு, நீ அவள இங்க வர்ற மாதிரி டிக்கெட்டப் போடு."

ஆக, நான் எந்த டிக்கெட்டைப் போடுகிறேனோ அந்த ஊரில் அக்காவுக்குக் குழந்தை பிறக்கும் என்று ஆகிவிட்டது. அக்காவின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. எனக்கு வேறு குழப்பங்கள் இருந்தன.

போனில் தேடினால் ஒரே பயணத்துக்கு ஏழெட்டு வழி வந்தது. நேராகப் போவது ஒன்றே ஒன்றுதான். ஒன்று ஹைதராபாத்தில் நின்றது. ஒன்று பெங்களூரில் நின்றது, அதுவும் விடியும்வரை. ஒன்று தில்லிக்குப் போய் அங்கிருந்து கொச்சிக்கு வந்தது. அப்பாவிடம் காட்டினேன். "நாகலூர்லருந்து பக்கத்துல இருக்கற மாரமங்கலம் போறதுக்கு மெட்ராஸ் போயி வர்ற மாதிரியல்ல இருக்குது" என்றார். விலையும் ஒரு நிலையில் நிற்கவில்லை. பார்த்துவிட்டு டீ குடித்து வந்தால் வேறு விலை. யாரோ என்னைக் கவனித்துக்கொண்டு மாற்றுகிறார்கள் போல இருந்தது.

ஒரு நாள் வரைபடத்தைத் திறந்து விசாகப்பட்டினத்துக்கும் கொச்சிக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். அந்தக் கோடு கிட்டத்தட்ட எங்கள் மலை மேலேயே போனது. எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அந்த ஊர் கிழக்குக் கடல், இந்த ஊர் மேற்குக் கடல். நடுவில் ஏதோ ஒரு ஊர் இருந்துதானே ஆக வேண்டும், அது நாங்களாக இருப்போம் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப இங்கியே எறக்கி உட்டுட்டுப் போகச் சொல்லு சாமி."

"ஏனுங்கம்மா, அது பறக்குது."

"பறக்கட்டும். புள்ளத்தாச்சி இருக்குதுன்னு சொன்னா நிறுத்தமாட்டானா?"

அப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். "நிறுத்துவான். முன்னாடியே எந்திரிச்சு வந்து கதவுகிட்ட நிக்கோணும்."

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு அது சிரிப்பாகவும் இல்லை. எங்கள் பஸ்ஸில் கையைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள், சத்தம் போட்டால் இறக்கிவிடுவார்கள். அரிசி மூட்டையை மட்டும் தனியாக ஏற்றிவிட்டு, 'சர்ச்சுக்கு எதுத்த கடையில போட்டுருங்க அண்ணா' என்று டிரைவரிடம் சொன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும். வண்டி என்றால் அப்படித்தான் என்று பழகியவர்கள் நாங்கள்.

அடுத்தது மாசக் கணக்கு. கர்ப்பிணிகள் டாக்டரிடம் கடிதம் வாங்கிவர வேண்டும், எத்தனை வாரம் என்று போட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மாவைக் கேட்டால், "புரட்டாசியில நின்னுது, அதையும் சேத்துக்கோ" என்று தமிழ் மாசத்தில் விரல் விட்டாள். எந்த மாசம் நடக்கிறதோ அதையும் முழு மாசமாக எடுத்துக்கொண்டாள். அக்காவைக் கேட்டால் டாக்டர் தெலுங்கில் சொன்ன வாரம் ஒன்றைச் சொன்னாள். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். பி.காம். படித்திருக்கிறேன், எஸ்டேட் கணக்கில் ஒரு கிலோ பழம் தவறியதில்லை, ஆனால் இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. கடைசியில், டாக்டர் எழுதித் தருவதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அக்கா மத்தியான நேரத்தில் கூப்பிடுவாள். மாமா அப்போது வேலையில் இருப்பார். கொச்சியைப் பற்றி நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்வேன். தரை சமமாக இருக்கும், ஊருக்குள்ளேயே தண்ணீர் நிற்கும், படகில் ஏறி ஆபீஸ் போகிறார்கள் என்றெல்லாம்.

"இங்க அப்படி இல்லடா. கடல் பக்கத்துலயே மலை நிக்குது. காலையில எந்திரிச்சா கடல்லருந்து சூரியன் வரும். அங்க?"

"அங்க கடலுக்குள்ள போகும்."

"இப்பத்தான் இங்க கத்திரிக்கா பேரம் பேசக் கத்துக்கிட்டேன். அங்க போயி மறுபடி கையக் கையக் காட்டோணும்." சிரித்தாள். பிறகு, எப்போதும் போல, "நம்ம ரோடு எப்படிடா இருக்குது?" என்றாள்.

அவள் பேசும்போதெல்லாம் இதைக் கேட்பாள். ஊர் ஞாபகம் வந்து கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மழைக்குப் பிறகு புதுசாகத் தார் போட்டிருக்கிறார்கள், திருப்பத்தில் எல்லாம் சுவர் கட்டியிருக்கிறார்கள் என்று ஆசையாகச் சொல்வேன். "ஓ" என்பாள். அம்மா சொல்லும் ஆசையைத்தான் இவளும் வாய்விட்டுச் சொல்லாமல் ரோட்டை வைத்துக் கேட்கிறாள் என்பது என் தீர்மானம்.

அந்தத் தீர்மானத்தில்தான் ஒரு யோசனை வந்தது. சென்னையில் நின்று கொச்சி போகும் விமானம் ஒன்று இருந்தது. டிக்கெட்டில் கொச்சி என்றுதான் இருக்கும், மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். சென்னையில் விமானம் மாறும் நேரத்தில் நானும் அம்மாவும் வாசலில் நிற்போம். அக்கா இறங்கி எங்களோடு வந்துவிடுவாள். அம்மா முகத்துக்கு நேராக மாமா வேண்டாமென்று சொல்ல மாட்டார். பைகளையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். திருவண்ணாமலை டிக்கெட் எடுத்துவிட்டு வழியில் அரூரில் இறங்கிக்கொள்வது மாதிரிதான்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "இதுக்குத்தான் படிக்க வச்சது."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இருந்தாலும் ஒரு தடவை யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போனேன். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு டிராவல்ஸ் கடை. சேலத்துக்காரர் நடத்துகிறார். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார், டிக்கெட் எல்லாம் பார்த்துக் கொடுப்பவர். விஷயத்தைச் சொன்னேன்.

"எறங்கலாமுங்க தம்பி, யாரு வேண்டாங்கறா. ஆனா பை எறங்காதுங்க. அது கொச்சிக்குன்னு சீட்டு ஒட்டி வேற வண்டியில போயிரும்."

"டிரைவர்கிட்டச் சொன்னா எடுத்துக் குடுக்க மாட்டாங்களா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊருங்க?"

"நாகலூர் பக்கமுங்க."

"அதான் பாத்தேன்." டீ சொல்லிவிட்டு உட்கார வைத்தார். "கேளுங்க. ரெண்டாவது வண்டிக்கு ஆளு வரலைன்னா பேரச் சொல்லி மைக்குல கூப்புடுவாங்க. புருசன் உள்ள உக்காந்திருப்பாரு, பொண்டாட்டி பேர ஊரே கேக்கற மாதிரி கூப்புட்டுக்கிட்டு இருப்பாங்க. நல்லாவா இருக்கும்? வாசலுக்கு வர்றதே பெரும் பாடு. ஏனுங்க, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் புள்ள எங்க போறேங்குது?"

டீயைக் குடித்தேன். "கேக்கலீங்க" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டபோது எடைத் தராசை அப்படியே விட்டுவிட்டு, பழம் காய வைக்கும் களத்தின் ஓரத்துக்குப் போனேன். சென்னைத் திட்டத்தை முழுசாகச் சொன்னேன். பை சிக்கலையும் சொன்னேன். பைகள் மாமாவோடு போகட்டும், நீ கைப்பையோடு வந்துவிடு என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"சேலத்துலருந்து மேல எப்படிடா வர்றது?"

"கார் சொல்லிக்கலாம்க்கா."

"ரோடு எப்படி இருக்குது?"

"என்னக்கா, எப்பப் பாத்தாலும் ரோட்டையே கேக்கற? நல்லாத்தான் இருக்குது."

"உனக்குத் தெரியாது சாமி. நீ பொறக்கறதுக்கு முந்தி."

அப்போது சொன்னாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை வந்திருக்கிறது. வலி எடுத்தபோது எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அக்காவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் சின்னப் பிள்ளை. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பாதி மலை இறங்குவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. சத்தம் வரவில்லை. ஜீப்பை ஒரு ஓரமாக நிறுத்தினார்கள். பிறகு மேலே திரும்பலாமா, கீழே போகலாமா என்று அப்பாவும் டிரைவரும் ரோட்டில் நின்று பேசினார்களாம்.

"யாரும் என்ன எறக்கி உடலைடா. நான் உள்ளதான் இருந்தேன்."

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. இப்போது ஏற்காட்டிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது என்று ஏதோ சொன்னேன்.

"தெரியும். சிக்கலான கேசுன்னா எங்க அனுப்பறாங்க?"

"சேலத்துக்கு."

"அதான். எனக்கு அந்த ரோட்டுல இப்ப வர முடியாதுடா. கையில புள்ளையோட அப்புறம் வர்றேன், எத்தன தடவை வேணா வர்றேன். அம்மாகிட்ட இதச் சொல்லிராத. அதுக்கு ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிரும். வேற ஏதாச்சும் சொல்லு. நீ படிச்சவன்தானே."

தராசுக்குத் திரும்பினேன். பறித்த பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருத்தி, "ரைட்டருக்குப் பொண்ணு பாத்துட்டாங்களாட்டம் இருக்குது, களத்து மேட்டுல நின்னு எத்தன நேரம் பேச்சு" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஒரே கூடையை இரண்டு தடவை தராசில் ஏற்றினேன்.

என் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று இருபத்து நாலு வயதில் தெரிந்துகொண்டேன். அம்மாவை அன்று சாயங்காலம் எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அவள் வாசலில் தார்ப்பாயில் காய்ந்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். நடுவில் இறங்க முடியாதாம், பை கொச்சிக்குப் போய்விடுமாம், மைக்கில் பேரைக் கூப்பிடுவார்களாம்.

அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். "சரி. அப்ப அவரு கொச்சிக்குப் போகட்டும். இவளுக்கு மெட்ராஸ் வரைக்கும் மட்டும் தனியா ஒரு டிக்கெட்டு போட்டுரு. இவ பை இவகூட வந்துரும்ல?"

வந்துவிடும். அதில் ஒரு ஓட்டையும் இல்லை. இரண்டு வாரமாக எனக்குத் தோன்றாத வழி. நான் மிளகைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தேன். தனியாக அனுப்ப மாட்டார்கள், டாக்டர் கடிதம் வேண்டும், வாரக் கணக்கு இடிக்கிறது என்று எதையோ கோத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் முடிவு இல்லை. அம்மா அள்ளுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ வர மாட்டேங்கறாளா?"

நான் தார்ப்பாயின் ஓரத்தை மடித்துவிட்டேன்.

"அந்த ஜீப்பா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உங்கக்கா அன்னைக்குத் தூங்கிட்டாள்னு நெனச்சேன்" என்றாள். "கண்ண மூடித்தான் இருந்தா. ஊட்டுக்கு வந்தும் ஒண்ணும் கேக்கல. அதனால தூங்கிட்டாள்னே நெனச்சுக்கிட்டேன்."

அப்பா வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும், அக்கா கண்ணை மூடியிருந்தது அவருக்குத் தெரியுமா, எதையும் நான் இன்றுவரை கேட்டதில்லை.

அம்மா மறுபடி முறத்தை எடுத்தாள். "கொச்சியில மேடு பள்ளம் உண்டா?"

"இல்லம்மா. எல்லாம் சமமான தரைதான்."

"அவங்க ஊட்டுலருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகோணும்? பாத்துச் சொல்லு."

போனை எடுத்துப் பார்த்தேன். மாமா அனுப்பியிருந்த இடத்தையும் ஆஸ்பத்திரியையும் போட்டேன். ஒரே தெரு. நடுவில் ஒரு சின்னப் பாலம். அவளிடம் காட்டினேன். அம்மாவுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. ஆனால் அந்த நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கொண்டு போனாள். கோடு எங்கேயும் திரும்பவில்லை.

"சரி, நேரா போறதையே போட்டுரு. நானா சொன்னேன்னு அவகிட்டச் சொல்லாத. நடுவுல எறங்க முடியாதாம்னு சொன்னேன், அம்மாவும் சரின்னுருச்சுன்னு மட்டும் சொல்லு. ஜீப்பப் பத்திப் பேசினோம்னு தெரிய வேண்டாம்."

"அவளும் உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னுதான்…"

"அதான் சொல்ல வேண்டாங்கறேன்."

அன்றே டிக்கெட் போட்டேன். இரண்டு பேர், நேர் விமானம். பணம் போய் டிக்கெட் வந்த பிறகும் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். ஊர் சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது. வேறு எது தப்பாக இருக்க முடியும் என்று தெரியவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அக்காவிடம் சொன்னேன். அம்மா சொல்லித் தந்த வார்த்தைகளையே ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அவ்வளவு சுலுவா ஒத்துக்கிச்சா அம்மா?"

"ஒத்துக்கிச்சுக்கா."

"சண்ட போடல?"

"இல்ல."

"அழுதுச்சா?"

"இல்லக்கா. மொளகு அள்ளிக்கிட்டு இருந்துச்சு."

அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ போகும் சத்தம் கேட்டது. யாரோ தெலுங்கில் எதையோ விற்றுக்கொண்டு போனார்கள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சா?"

தெருவைப் பற்றிக் கேட்டது, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேட்டது என்று சொல்லலாம். சொன்னால், ஏன் அதைக் கேட்டது என்று அக்கா கண்டுபிடித்துவிடுவாள். சொல்லாவிட்டால் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டில் எது சரி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

"குழந்தை பொறக்கற மாசம் கொச்சிக்கு வர்றதுக்குச் சேலத்துலருந்து எந்த ரயிலுன்னு பாத்து வைக்கச் சொல்லுச்சு" என்றேன்.

அம்மா அப்படிச் சொல்லவில்லை. அது நானாகச் சொன்னது. போனை வைத்துவிட்டு நேராக அம்மாவைத் தேடிக்கொண்டு மேல் தோட்டத்துக்குப் போனேன், கொச்சிக்குப் போக இஷ்டமா என அவளையும் கேட்டுவிடலாம் என்று.